ஜெர்கினுக்கு அளவெடுக்க ஜூனில் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. கோவையில் இருந்து வந்த ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜெர்கின் கொடுத்த செய்தி. பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள், ஆளுக்கொரு ஜெர்கின் பாலித்தீன் உறை பிரிக்காமல் கையில் இருக்கிறது, பின்னால் பேனர் பிடித்தபடி ஊழியர்கள். கீழே 'ஏழை மாணவர்களுக்குக் குளிர்கால உடை' என்று போட்டிருந்தீர்கள். வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் நாலைந்து பேர் எனக்குத் தெரிந்த பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்களுக்கு நான்தான் அ, ஆ சொல்லிக்கொடுத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், மன்னிக்கவும். குறைத்துப் போட்டாலும் பரவாயில்லை, ஆனால் மாதத்தைப் பற்றி நான் சொல்கிற பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலில் அந்த ஊழியர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. இது ஒப்புக்குச் சொல்கிற நன்றி கிடையாது. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை தூங்காமல் விடியற்காலையில் கிளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாறு வழியாக அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் மூட்டைகளோடு ஏறி வருகிறார்கள். பாதிப் பேருக்கு வழியிலேயே வாந்தி. அப்படியும் பள்ளி வாசலில் இறங்கியதும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கூட உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார்கள், போகும்போது சில பெண்கள் கண் கலங்கியதையும் பார்த்திருக்கிறேன். நான் ஆசிரியையாக இருந்த முப்பது வருஷத்தில் இப்படி வந்த ஒவ்வொரு குழுவையும் வாசலில் நின்று வரவேற்றவள் நான். அவர்கள் வருவது நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் குளிரைப் பற்றிக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவம்பர் நடுவில் நீர்ப்பனி ஆரம்பிக்கும், அப்புறம் உறைபனி, அது பிப்ரவரி வரைக்கும் இருக்கும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிற படத்தை ஒவ்வொரு வருஷமும் நீங்களும் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், வெப்பநிலை பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்று எழுதுகிறீர்கள். பார்க்க அழகுதான். அதே புல்லின் மேல்தான் எட்டரை மணிக்கு ரப்பர் செருப்புப் போட்ட பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள், ஒன்பதரைக்கு அதே புல்லின் மேல்தான் காலை வணக்கத்துக்கு நிற்கிறார்கள்.

அந்த மாதங்களில் பாட்டிலில் இருக்கிற தேங்காய் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தடவ வேண்டும். பிள்ளைகளின் கன்னம் வெடித்துச் சிவந்திருக்கும், கால்விரல் வீங்கி அரிக்கும், ராத்திரி சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடும். முதல் பீரியடில் நான் எழுத்து வேலையே கொடுக்க மாட்டேன், விரல் விறைத்துப்போய் பென்சில் நிற்காது. கதை சொல்வேன், வாய்ப்பாடு சொல்லச் சொல்வேன், கைதட்டிப் பாடச் சொல்வேன். வெயில் ஜன்னல் வழியாக இரண்டாவது பெஞ்சு வரைக்கும் வந்த பிறகுதான் நோட்டை எடுக்கச் சொல்வேன். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பிள்ளைகளின் விரலைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பதினொரு மணிக்கு மேல் பாருங்கள், அதே நாளில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஜெர்கினைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுவார்கள். தடிமனாகப் பஞ்சு வைத்த ஜெர்கின் ஒன்றைவிட, ஒரு ஸ்வெட்டரும் அதற்கு மேலே காற்றும் சாரலும் புகாத மெல்லிய ஜெர்கினும் எங்கள் பிள்ளைகளுக்கு நாலு மடங்கு உபயோகம். பஞ்சு வைத்ததில் இன்னொரு கஷ்டமும் உண்டு. ராத்திரி பிள்ளைகள் விறகடுப்புப் பக்கம்தான் குந்தியிருப்பார்கள், ஒரு பொறி பட்டால் போதும், பொசுங்கி ஓட்டை விழுந்துவிடும்.

அப்புறம் மழை. நீலகிரியில் மழை ஒன்றல்ல, இரண்டு. ஜூனில் இருந்து தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர்பவானி பக்கம் கொட்டும். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரி பக்கம். மேகம் இறங்கிவிட்டால் துவைத்த ஸ்வெட்டர் மூன்று நாள் ஆனாலும் காயாது. ஒரே ஒரு ஸ்வெட்டர் இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? ஈரத்தோடு போட்டுக்கொண்டு வரும், இல்லையென்றால் போடாமல் வரும். ஈர ஸ்வெட்டரை விட ஸ்வெட்டர் இல்லாததே மேல் என்று நானே சில நாள் கழற்றச் சொல்லியிருக்கிறேன். நனைந்த குளிர்தான் பிள்ளைகளைப் படுக்க வைக்கிற குளிர், சளியும் இருமலும் அப்போதுதான் வகுப்பு முழுக்கச் சுற்றும். கீழே இருந்து வருகிறவர்கள் உறைபனிப் படத்தைப் பார்த்துவிட்டு ஜெர்கின் என்று யோசிக்கிறார்கள், மழைக்கோட்டு என்று யாரும் யோசிப்பதில்லை.

அரசு ஒன்றும் கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுக்கிறது. மலைப்பகுதிப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு விலையில்லாக் கம்பளிச் சட்டை ஒன்று உண்டு, பிறகு மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் என்றும் சேர்த்தார்கள். நல்ல திட்டம், அதனால் என் கண்முன் எத்தனையோ பிள்ளைகள் பயன் பெற்றார்கள். ஆனால் வருஷ நடுவில் வந்து சேருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது தேயிலைத் தோட்டத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் ஜார்க்கண்ட், அசாம் என்று வடக்கே இருந்து குடும்பம் குடும்பமாக வேலைக்கு வருகிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் எந்த மாதத்தில் வருவார்கள் என்று சொல்ல முடியாது, பட்டியல் எடுத்த பிறகு வந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் இருந்து மேலே படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்கவே கூச்சப்படுகிற வயசு. உதவி செய்ய வருகிற நிறுவனங்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளைத்தான் தேடி வருகிறார்கள், ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஜெர்கின் மாட்டிவிடுவது மனசுக்கு இனிமையாக இருக்கிறது, புரிகிறது. பதினைந்து வயசுப் பையனுக்கும் குளிரும்.

இனி அளவு விஷயம். இதற்கு என்னிடம் ஒரு அனுபவம் இருக்கிறது, இன்றைக்கும் நினைத்தால் உறுத்துகிறது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு நிறுவனம் எங்கள் பள்ளிக்கு ஜெர்கின் கொண்டுவந்தார்கள். நல்ல தரம், நல்ல ஜிப், குல்லா வைத்தது. ஆனால் எல்லாம் ஒரே அளவு. ஃப்ரீ சைஸ் மேடம், வளர்ற பிள்ளைங்கதானே என்றார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கையே வெளியே தெரியவில்லை. கூட வந்தவர்கள் செல்லமாகச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், படம் எடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் ஜெர்கின் இல்லாமல், பழைய கிழிந்த ஸ்வெட்டரோடு வந்தாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்து கொடுத்துவிட்டுப் போனார்களே, பெட்டியில் பூட்டி வைத்துவிட்டாயா என்று வகுப்பு முன்னால் கேட்டுவிட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா ராத்திரி கேரட்டுக்குப் போட்டுட்டுப் போகுது டீச்சர்."

கீழே இருப்பவர்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். எங்கள் பகுதியில் கேரட் அறுவடை ராத்திரியில்தான் நடக்கும். ஒரு மணி, இரண்டு மணிக்குப் பிக்கப் வண்டி வந்து ஹாரன் அடிக்கும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, மண்ணில் இருந்து பிடுங்கி, கழுவி, மூட்டை பிடித்து அனுப்பினால்தான் காலையில் லோடு மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்கும். பனி கொட்டுகிற நேரம், ஈர மண், பச்சைத் தண்ணீர். அந்த அம்மா அத்தனை வருஷமும் ஒரு பழைய சட்டையும் தலையில் கட்டின துண்டுமாகத்தான் போயிருக்கிறாள். வீட்டுக்கு ஒரு பெரிய ஜெர்கின் வந்ததும், அது யாருக்குச் சரியாக இருந்ததோ அவர்கள் போட்டுக்கொண்டார்கள். அதில் என்ன தப்பு? அந்த வீட்டில் குளிருக்கு முதல் உரிமை அவளுக்குத்தான். நான் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன், வகுப்பு முன்னாலேயே கேட்டேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் ராத்திரியே கிளம்பிவிடுவதால் காலையில் பிள்ளைகள் தாங்களே எழுந்து, தாங்களே பல் விளக்கி, தம்பி தங்கையையும் கிளப்பிக்கொண்டு வருகிறார்கள். விறைத்த விரலால் சின்ன ஜிப்பை இழுக்க முடியாது, பட்டனையும் போட முடியாது. ஆறு வயசுப் பிள்ளை தானே போட்டுக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். ஜிப் முனையில் ஒரு துண்டு நாடா கட்டிவிட்டாலே போதும், அதற்கு என்ன செலவு ஆகும்? இப்படியெல்லாம் ஒரு கடையில் நின்று யோசித்தால் தோன்றாது, ஒரு நாள் காலையில் அந்தப் பிள்ளைகளோடு நடந்து வந்தால் தோன்றும்.

தொழிலாளிகளுக்குக் குளிருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆவது பிரிவிலேயே குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள், மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பாக முதலாளி கொடுக்க வேண்டியவை என்று. அது தேயிலை, காப்பி மாதிரிப் பெரிய தோட்டங்களுக்கு. கேரட் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அந்த வரியும் இல்லை. பிள்ளைக்கு ஜெர்கின் தர வருகிற நிறுவனம், அவளுடைய அம்மாவுக்கும் ஒன்று சேர்த்து வைத்தால் பிள்ளையுடையது பிள்ளையிடமே தங்கும். இது நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது.

சரி, மாதத்துக்கு வருகிறேன். இதைத்தான் வெட்டாதீர்கள் என்று சொன்னேன்.

உங்கள் படம் வந்தது பிப்ரவரி மூன்றாவது வாரம். எங்கள் பள்ளிக்கு வந்த குழுக்களில் பாதிக்கு மேல் பிப்ரவரி, மார்ச்சில் வந்தவைதான். ஒரு வருஷம் மார்ச் 28ஆம் தேதி வந்து ஸ்வெட்டர் கொடுத்தார்கள், பிள்ளைகள் வேர்க்க வேர்க்கப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். ஏன் இப்படி என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. என் அண்ணன் மகன் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான், அவன்தான் விளக்கினான். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, ஓரளவுக்கு மேல் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், 2014 ஏப்ரலில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் செலவைக் காட்ட வேண்டும் என்று கடைசி இரண்டு மாதத்தில் ஓடுகிறார்கள். பனி போகிற நேரத்தில் ஜெர்கின் வருவதற்கு இதுதான் காரணம் என்றான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு மார்ச்சில் குளிர் இல்லை.

இதற்கு வழியும் அவனே சொன்னான். ஒரு வருஷத்தோடு முடிகிற வேலையாக எடுக்காமல், இரண்டு மூன்று வருஷத்துக்கான தொடர் திட்டம் என்று நிறுவனத்தின் போர்டு முடிவு செய்தால், மார்ச்சுக்குள் செலவாகாத பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்து அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்க 2021இல் இருந்தே சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அப்படியானால் மார்ச்சில் வாங்கி மார்ச்சிலேயே கொடுத்துவிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஜூனில் அளவெடுக்கலாம், அக்டோபருக்குள் கொடுக்கலாம். அடுத்த வருஷமும் அதே பள்ளிக்கு வரலாம், பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். பணம் ஒன்றுதான், அது வந்து சேருகிற மாதம் மாறினால் ஒரு பனிக்காலம் முழுக்க மிச்சம்.

திருப்பூர் நம் காலடியில் இருக்கிறது. வெளிநாட்டு டிசம்பர் குளிருக்குப் போகிற பிள்ளைகள் உடையை எந்த மாதத்தில் தைக்கிறார்கள் என்று அங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வெயில் காலத்திலேயே வெட்டித் தைத்துக் கப்பலேற்றிவிடுவார்கள். யாரோ ஒரு நாட்டுப் பிள்ளையின் குளிருக்கு மே மாதமே தயாராகிற ஊர் நம் ஊர். மலை மேல் இருக்கிற நம் பிள்ளைக்கும் அந்தக் கணக்கை வைக்க முடியாதா என்ன?

ஒரு குழு அப்படிச் செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். முதல் வருஷம் அவர்களும் மற்றவர்கள் மாதிரிதான் வந்தார்கள், பேனர், ஒரே அளவு எல்லாம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் ஒரு பெண்ணிடம் கேரட் கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருஷம் ஜூலையில் அவளும் இன்னொரு பையனும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், கையில் இஞ்ச் டேப்பும் ஒரு நோட்டும். மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு நாள் தங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் தோள், மார்பு, கை நீளம் என்று அளவெடுத்தார்கள். எங்கள் பள்ளியின் யூனிஃபார்ம் நிறம் என்ன, ஸ்வெட்டர் எந்த நிறத்தில் இருந்தால் பள்ளிக்குள் போடலாம் என்று கேட்டார்கள். மேகம் இறங்கினால் ரோட்டில் நடக்கிற பிள்ளை பஸ் டிரைவருக்குத் தெரிய வேண்டும் என்றேன், முதுகில் ஒளிர்கிற பட்டை ஒன்று வைக்கிறோம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாளும் திருவிழா. இஞ்ச் டேப்பைப் பார்த்தாலே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். எனக்கு எத்தனை எனக்கு எத்தனை என்று கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். தீபாவளிக்குத் தையல்காரரிடம் அளவு கொடுக்கிற பிள்ளைகள் இல்லை இவர்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தங்களுக்கென்று அளவு எடுத்ததைப் பார்க்கிறார்கள். அக்டோபர் முதல் வாரம் உடை வந்தது. மேடை இல்லை, பேச்சு இல்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் பிள்ளையின் வருகைப்பதிவு எண் மட்டும் இருந்தது, வகுப்பு ஆசிரியை கூப்பிட்டுக் கொடுத்தார். உள்பக்கம் காலரில் பெயர் எழுத ஒரு வெள்ளைத் துண்டு தைத்திருந்தார்கள். வெளியில் எங்கேயும் நிறுவனத்தின் பெயர் இல்லை. அந்த வருஷம் டிசம்பரில் காலை வணக்கத்துக்கு நின்ற எங்கள் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் ஐயா.

பெயர் பற்றிச் சொன்னேன். வேறொரு நிறுவனம் தந்த ஜெர்கினில் முதுகு முழுக்கக் கம்பெனி பெயரும் முத்திரையும் பெரிதாக இருந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைப் போடவே மாட்டேன் என்றாள். பஸ்ஸில் டவுன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் இருப்பார்கள், அதைப் பார்த்தால் இது தானமாக வந்தது என்று தெரிந்துவிடும் என்றாள். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தாளே தவிர போடவில்லை. நானும் சத்துணவு ஆயாம்மாவும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பிளேடால் நூல் பிரித்து முத்திரைகளை எடுத்தோம். தைத்தவை வந்துவிட்டன, அச்சடித்தவை வரவில்லை. அச்சடித்தவற்றுக்கு மேலே பழைய துணியில் பூ வெட்டித் தைத்துக் கொடுத்தோம், பிறகு போட்டாள்.

படம் விஷயத்தில் உங்களிடமே ஒரு வேண்டுகோள். ஊழியர்களின் முகத்தைப் போடுங்கள், அவர்கள் செய்தது நல்ல காரியம், நாலு பேருக்குத் தெரியட்டும், இன்னும் நாலு நிறுவனம் கிளம்பி வரட்டும். பிள்ளைகளின் முகம் வேண்டாம். 'ஏழை மாணவர்கள்' என்ற வார்த்தையும் வேண்டாம். அந்தப் பத்திரிகையைப் பெட்டிக்கடையில் வாங்கி, பொட்டலம் கட்டுகிற வரைக்கும் ஊரே பார்க்கும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது ஒரு வருஷத்துக்குப் போதுமான சங்கடம். நிறுவனங்கள் தங்கள் அலுவலகத்துக்குப் படம் காட்ட வேண்டியிருக்கும் என்று தெரியும், அதற்கு அடுக்கி வைத்த பொட்டலங்களை எடுக்கலாம், இஞ்ச் டேப்பை எடுக்கலாம், பனி விழுந்த மைதானத்தில் பின்பக்கமாக நின்ற பிள்ளைகளை எடுக்கலாம்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இதைச் சொல்கிறேன் என்றால், அப்படி ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டவள் நானும்தான். நாங்கள் இலங்கையில் இருந்து தாயகம் திரும்பியவர்கள். இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டு செய்த ஒப்பந்தத்தால் வந்த ஆயிரமாயிரம் குடும்பங்களில் ஒன்று. எனக்கு எட்டு வயசு இருக்கும்போது, 1972இல், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தோம். அம்மாவிடம் இலங்கைத் தோட்டத்தில் இருந்து கொண்டுவந்த ஒரு கம்பளி இருந்தது, கொழுந்து எடுக்கும்போது தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தது. ராத்திரி நாங்கள் நாலு பிள்ளைகளும் அதற்குள்தான் படுப்போம், பகலில் அம்மா வேலைக்குப் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஐந்தாம் வகுப்பில் என் டீச்சர் ஒரு நாள் சாயந்திரம் எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, திரும்பி நில்லு என்று சொல்லி, ஒரு சிவப்பு ஸ்வெட்டரை என் முதுகில் வைத்து அளவு பார்த்தார். கை மட்டும் கொஞ்சம் நீளம், மடித்துப் போட்டுக்கோ, அடுத்த வருஷமும் ஆகும் என்றார். அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, அவர் யாரிடமும் சொல்லவில்லை. தோளில் அவர் கை பட்டது இப்போதும் எனக்குத் தெரிகிறது. அடுத்த வருஷமும் அந்த ஸ்வெட்டர் எனக்குச் சரியாக இருந்தது.

இப்போது நிறுவனங்கள் எங்கே கேட்பது, யாரைக் கேட்பது என்று திகைக்க வேண்டியதில்லை. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்று 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டத்தில் பள்ளிகளின் தேவையும் உதவ வருகிறவர்களும் ஓரிடத்தில் சேர வழி செய்திருக்கிறார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு தடவை நேரில் வந்து தலைமையாசிரியரிடமும், முக்கியமாகச் சத்துணவு ஆயாம்மாவிடமும் பேசுங்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு இருமல் விடவில்லை, யார் சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறது என்பதெல்லாம் எங்களை விட அவர்களுக்குத்தான் தெரியும். பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற உண்டு உறைவிடப் பள்ளிகளையும் மறக்க வேண்டாம். அங்கே காலை ஐந்து மணிக்கே எழுப்பிவிடுவார்கள், அந்த நேரத்துக் குளிரைச் சமாளிக்க அம்மா பக்கத்தில் இருக்க மாட்டாள்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்தச் செய்தியைப் பிப்ரவரியில் போட்டதோடு விடாமல், ஜூன் மாதம் பள்ளி திறக்கிற வாரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். மலைப் பிள்ளைகளுக்குக் குளிர் உடை கொடுக்க நினைக்கிற நிறுவனங்கள் இப்போதே அளவெடுக்கக் கிளம்புங்கள் என்று நாலு வரி போதும். மூன்று மாதம் தைக்க, ஒரு மாதம் சரிபார்க்க, அக்டோபரில் பிள்ளைகள் கையில் இருக்கும்.

ஓய்வு பெற்றுவிட்டேன், வீட்டில்தான் இருக்கிறேன். என்னிடம் மூன்று இஞ்ச் டேப் இருக்கிறது, பழைய அளவு நோட்டும் பத்திரமாக இருக்கிறது. ஜூன் இரண்டாவது வாரம் எங்கள் பக்கத்து மூன்று பள்ளிகளுக்கும் தலைமையாசிரியர்களிடம் கேட்டுக்கொண்டு நானே போகப்போகிறேன். கூட வர இரண்டு இளைஞர்கள் இருந்தால் இரண்டு நாளில் முடித்துவிடலாம். மேட்டுப்பாளையத்தில் இருந்து முதல் பஸ்ஸில் ஏறினால் காலை வணக்கம் முடிவதற்குள் வந்துவிடலாம், மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். குடை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
கேத்தி பாலாடா, நீலகிரி மாவட்டம்.